ஐஸ்லாந்துக் கோடை: திசையைக் காற்றிடம் விடுங்கள்

கேம்பர் வேனிலோ கூடாரத்தோடோ ஐஸ்லாந்தைச் சுற்றிவர இந்தக் கோடையில் எண்ணியிருப்பவர்கள், பங்குனி முடிவதற்குள் இரண்டு வேலைகளை முடித்துவிடுங்கள். ஒன்று வண்டி, மற்றொன்று விசா. பாறையும் அருவியும் ஓடிப்போகாது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களுக்கான சிறிய வேன்கள் ஓடிவிடும்.

விசா ஷெங்கன் விசாதான். பயணத் தேதிக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவு பொதுவாக 15 நாளில் வரும், சிக்கலானால் 45 நாள்கூட ஆகும். ஆனால் தாமதம் அங்கே இல்லை, விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைப்பதில்தான். ஏப்ரல், மே மாதங்களில் ஐரோப்பா போகிற மொத்தக் கூட்டமும் அங்கே நிற்கும். பயணக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். விசா கைக்கு வரும்வரை, ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் வகையிலேயே வண்டியைப் பதிவு செய்யுங்கள்.

எந்த மாதம் போவது? பள்ளி விடுமுறையை நினைத்து மே என்று முடிவு செய்பவர்கள் உண்டு. நான் பரிந்துரைக்க மாட்டேன். உள்நாட்டு மேட்டுநிலம் அப்போது பனி மூடிக் கிடக்கும், முகாம்களில் பல திறந்திருக்காது. ஜூனில் இரவே இருக்காது. ஊதா நிற லூபின் பூக்கள் சாலையோரமெல்லாம் நிற்கும், பஃபின் பறவைகள் பாறை விளிம்பில் இருக்கும். கண்ணை மறைக்கும் துணி இல்லாமல் மட்டும் போகாதீர்கள். என் ஓட்டு ஆகஸ்ட் பின்பாதிக்கு. மேட்டுநிலச் சாலைகள் திறந்திருக்கும், கூட்டம் தணியும், இருட்டு திரும்பி வருவதால் மாத இறுதியில் துருவ ஒளி தெரியவும் வாய்ப்புண்டு. பஃபின்கள் அதற்குள் கடலுக்குப் போயிருக்கும், அதுதான் இழப்பு. செப்டம்பர் நடுவில் பல முகாம்கள் மூடத் தொடங்கும்.

தீவைச் சுற்றும் நெடுஞ்சாலை எண் 1, சுமார் 1,320 கி.மீ. 1974-இல்தான் வளையம் முழுமையானது; தெற்கே பனியாற்று நீர் பாயும் மணல்வெளியில் பாலம் போடுவது அதுவரை முடியாத காரியமாக இருந்தது. 1,320 என்றதும் நம்மவர்கள் கணக்குப் போட்டுவிடுவார்கள், ஐந்தே நாள் என்று. ஓட்டிவிடலாம், பார்க்க முடியாது. கிளைச் சாலைகளைச் சேர்த்தால் தூரம் எளிதில் இரட்டிப்பாகும். பத்து நாளாவது வேண்டும், அதில் இரண்டு நாளுக்கு எந்தத் திட்டமும் எழுதாதீர்கள்.

அந்த இரண்டு நாளும் காற்றுக்கு. ஐஸ்லாந்தில் மழையைவிடப் பயப்பட வேண்டியது காற்றுக்குத்தான். வானிலை அறிக்கையில் வேகத்தை வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று போடுவார்கள். 15 என்று படித்துவிட்டு அலட்சியமாக இருக்காதீர்கள், மணிக்கு 54 கி.மீ. அது, 3.6-ஆல் பெருக்கிப் பாருங்கள். உயரமான வேன் 15-க்கு மேல் நின்றுவிடுவது நல்லது, 20-க்கு மேல் எந்த வண்டியிலும் நெடுந்தூரம் வேண்டாம். மலையடிவாரங்களில் திடீர் வீச்சு இதைவிடப் பலமாக வரும்: தெற்கே எய்யாஃபியோல் மலையடி, ஓரைஃபி பகுதி, மேற்கே போர்கர்நெஸ் பக்கத்து ஹப்னர்ஃப்யாட்ல். சாலையோர மின்பலகைகளில் அப்போதைய வேகம் ஓடிக்கொண்டிருக்கும், படித்துவிட்டே தாண்டுங்கள்.

வண்டியைக் காற்றுக்கு முகம் காட்டி நிறுத்துங்கள், கதவை ஒரு கையால் பிடித்தபடியே திறங்கள். காற்று பிய்த்த கதவுக்குப் பெரும்பாலான வாடகைக் காப்பீடுகள் பணம் தருவதில்லை.

இதனால்தான் சொல்கிறேன், சுற்றும் திசையை இப்போது முடிவு செய்யாதீர்கள். கோயிலைத்தான் வலமாக மட்டும் சுற்ற வேண்டும். இந்தத் தீவை எப்படியும் சுற்றலாம். இறங்குகிற அன்று தெற்கே புயல் என்றால் வடக்கே அகுரேரி பக்கம் கிளம்புங்கள். பெரும்பாலான முகாம்கள் வருகிறவர்களுக்கு இடம் தருபவை என்பதால் இந்தச் சுதந்திரம் கிடைக்கிறது. ஒவ்வோர் இரவுக்கும் முன்பணம் கட்டி வைத்தால் அதை நீங்களே கெடுத்துக்கொள்வீர்கள்.

வேனை ஓரங்கட்டி எங்கேயும் தூங்கலாம் என்ற பழைய பேச்சை நம்பாதீர்கள். 2015-இல் நடைமுறைக்கு வந்த இயற்கைப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, கேம்பர் வேனில் முகாமுக்கு வெளியே தங்க நில உரிமையாளரின் அனுமதி வேண்டும். ஸ்காஃப்டாஃபெல், ஹோப்ன், எகில்ஸ்டாதிர், ஆஸ்பிர்கி என்று வழியெங்கும் நல்ல முகாம்கள் இருக்கின்றன. பல இரவுகளுக்குச் சேர்த்து விற்கும் முகாம் அட்டை லாபம்தான், உங்கள் வழியிலுள்ள முகாம்கள் அந்தப் பட்டியலில் இருந்தால்.

நான்கு சக்கர இயக்கம் தேவையா? மேட்டுநிலச் சாலைகளின் எண்ணுக்கு முன் எஃப் என்ற எழுத்து இருக்கும். அவற்றில் அந்த வகை வண்டிக்கு மட்டுமே அனுமதி. அவற்றில் பல ஜூன் கடைசியிலோ ஜூலையிலோதான் திறக்கும். ஆற்றைக் கடக்கும்போது இன்ஜினுக்குள் தண்ணீர் போனால் செலவு உங்களுடையது. வளையச் சாலையோடு நிறுத்திக்கொள்பவர்களுக்குச் சாதாரண வண்டி போதும், மிச்சப் பணத்தில் நல்ல தூக்கப் பை வாங்குங்கள். ஜூலையிலும் ரேக்யவிக்கின் சராசரி வெப்பநிலை 11, 12 டிகிரிதான், இரவு இன்னும் இறங்கும். தூக்கப் பையில் இரண்டு அளவு அச்சிட்டிருப்பார்கள்: சுகமாகத் தூங்கும் அளவு, தாக்குப்பிடிக்கும் அளவு. முதலாவது பூஜ்யத்தை ஒட்டி இருக்கட்டும்.

அரிசி, பருப்பு, புளிக்காய்ச்சல், பொடி வகைகளை எடுத்துப் போகலாம். இறைச்சியும் பால் பொருளும் இந்தியாவிலிருந்து கூடாது. நெய்யும் பால்கோவாவும் அந்தக் கணக்கில்தான் வரும். கேஸ் குப்பியை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள், அங்கே பெட்ரோல் நிலையங்களில் கிடைக்கும். தண்ணீர்ப் பாட்டிலுக்குச் செலவே வேண்டாம், குளிர்ந்த நீர்க் குழாயைத் திறந்து குடிக்கலாம். வெந்நீரில் கந்தக வாடை அடிக்கும், குளிக்க மட்டும். பூச்சிகள் மொய்க்கும் மீவாட்ன் ஏரிக்கு முகத்தை மூடும் வலை கொண்டுபோங்கள்.

அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும். தார்ச்சாலையில் 90, சரளையில் 80, ஊருக்குள் 50. முகப்பு விளக்கு பகலிலும் எரிய வேண்டும். ஒருவழிப் பாலத்தில் முதலில் வந்தவர் முதலில் போவார், ஆரன் அடிப்பதால் ஒன்றும் நடக்காது. சாலையை விட்டு ஒரு முழம்கூட இறக்காதீர்கள். பாசி மீண்டும் வளரப் பல பத்தாண்டுகள் ஆகும், அபராதமும் பெரியது. ரேனிஸ்ஃப்யாரா கடற்கரையில் கடலுக்கு முதுகு காட்டிப் படம் எடுக்க வேண்டாம், அலை அங்கே ஆட்களை இழுத்துப் போயிருக்கிறது.

பெட்ரோல் பல இடங்களில் ஆளில்லாமல் கார்டு மூலம்தான் கிடைக்கும், பின் எண் கேட்கும். உங்கள் கார்டு வெளிநாட்டில் வேலை செய்ய வங்கியில் அனுமதி வாங்கி, பின் எண்ணை இந்த மாதமே சரிபார்த்து வையுங்கள்.