மழைச் சத்தத்திலும் வகுப்பு நடத்தலாம்

புதிய தொண்டர் ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் ஒரு பாடம்



2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலும் மண்சரிவுகளும் மலையகத்தில் எத்தனையோ குடும்பங்களை வீட்டிலிருந்தும் மரக்கறித் தோட்டத்திலிருந்தும் பெயர்த்துவிட்டன. நிலத்தை இழந்த விவசாயிக்கு மிஞ்சியிருக்கும் முதல், பிள்ளைகளின் படிப்பு. அது சில மாதம் தடைப்பட்டாலே, பெரிய பிள்ளையைக் கொழும்பில் கடைக்கோ வீட்டு வேலைக்கோ அனுப்பலாம் என்ற பேச்சு எழுந்துவிடும். 16 வயது வரை கல்வி கட்டாயம் என்பது சட்டம். ஆனால் பிள்ளைக்கு வகுப்பு பிடித்திருந்தால்தான் அந்தச் சட்டம் நிற்கும்.

இதனால்தான் உயர்தரம் முடித்த உங்கள் மகளோ மகனோ ஆலய மண்டபத்தில் மாலை வகுப்பு நடத்த முன்வரும்போது நாம் மகிழ்கிறோம். ஆனால் நல்ல மனம் மட்டும் போதாது. நாற்பது பிள்ளைகளின் முன் நின்றால் முதல் வாரத்திலேயே தொண்டை கட்டிவிடும். வட்டவளையில் நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்ட சிலவற்றை இங்கே தருகிறோம்.

1. கத்துவதை நிறுத்துவோம்

இலங்கையில் மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களில் வட்டவளையும் ஒன்று. தென்மேற்குப் பருவமழை தகரக் கூரையில் விழத் தொடங்கினால் முன்வாங்கில் இருப்பவனுக்கும் ஆசிரியரின் குரல் கேட்காது. தொடக்கத்தில் நாங்கள் மழையோடு போட்டி போட்டுக் கத்தினோம். பிள்ளைகளும் எங்களோடு போட்டி போட்டுக் கத்தினார்கள். மழைதான் வென்றது.

பிரான்சில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் தொடங்கிய புனித டிலாசால் (1651–1719), ஆசிரியர் குறைவாகப் பேச வேண்டும் என்று விரும்பினார். அவருடைய சகோதரர்கள் சிறு மரக்கருவி ஒன்றின் ஒலியாலும் சைகைகளாலும் வகுப்பை நடத்தினார்கள். நமக்குக் கருவி தேவையில்லை. கையை உயர்த்தினால், பார்த்த பிள்ளையும் கையை உயர்த்திப் பேச்சை நிறுத்த வேண்டும். இதை முதல் நாளே விளையாட்டாகப் பழக்குங்கள். மழை இருட்டிக்கொண்டு வரும்போதே எழுத்து வேலையைக் கரும்பலகையில் எழுதிவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கை: தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உங்கள் பகுதிக்கு மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருந்தால் அன்று வகுப்பே வேண்டாம்.

2. ஒவ்வொரு நாளும் ஒரே ஒழுங்கு

பிள்ளைகள் வருமுன் ஆசிரியர் வந்துவிட வேண்டும். பலகையில் சிறு வேலை ஒன்று காத்திருக்க வேண்டும். வேலை இல்லாத முதல் ஐந்து நிமிடத்தில்தான் குழப்பம் பிறக்கிறது. அதன்பின் செபம் அல்லது மௌனம், வரவுப் பதிவு, பாடம், விளையாட்டு, முடிவு. இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஒரே இரவில் வீட்டை இழந்த பிள்ளைக்கு நாளை என்ன நடக்கும் என்பது தெரியாது. நாளையும் இதே நேரம், இதே பாய், இதே அக்கா என்பது அதற்கு மருந்து.

விதிகள் மூன்று போதும். அவற்றைப் பிள்ளைகளே சொல்லட்டும். "சத்தம் போடாதே" என்பதைவிட "ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்போம்" என்பது நல்லது.

3. பல தரங்கள், ஒரே மண்டபம்

இது நமக்குப் புதிதல்ல. தோட்டப் பாடசாலைகள் பல, ஒரே அறையில் ஒரே ஆசிரியரோடு நடந்தவை. அரசு அவற்றைப் பொறுப்பேற்றது பிற்காலத்திலேயே.

இன்னும் பின்னால் போனால், 1789இல் சென்னை எழும்பூரில் அநாதைப் பிள்ளைகளின் விடுதிப் பள்ளியைப் பொறுப்பேற்ற அன்ட்ரூ பெல் என்ற அங்கிலிக்கன் குரு, உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைக் கண்டார். அதைத் தம் பள்ளியிலும் புகுத்தி, தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் ஏற்பாட்டையும் செய்தார். அது மதராஸ் முறை என்ற பெயரில் இங்கிலாந்து வரை போயிற்று.

அதை இப்படிச் செய்யலாம்: பிள்ளைகளை மூன்று குழுவாக்குங்கள். ஒன்று ஆசிரியரோடு. ஒன்று எழுத்து வேலையில். ஒன்று மூத்த பிள்ளையோடு வாசிப்பில். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கொப்பி இல்லாத சின்னவர்களுக்கு ஒரு தட்டில் மணல் போதும். ஆனால் மூத்த பிள்ளைக்கும் படிப்பு உண்டு. தினமும் ஒரே பிள்ளையைச் சட்டாம்பிள்ளையாக்காதீர்கள். அதன் கையில் பிரம்பும் கொடுக்காதீர்கள்.

4. கேள்வியைக் கேட்டுவிட்டுப் பொறுத்திருப்போம்

பெயரைச் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்டால் அந்தப் பிள்ளை மட்டும்தான் யோசிக்கும். கேள்வியை எல்லாருக்கும் பொதுவாகக் கேளுங்கள். மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். பிறகு பெயரைச் சொல்லுங்கள். எல்லாரும் சேர்ந்து "ஆமாம் டீச்சர்" என்றால் விளங்கிவிட்டது என்று நம்பாதீர்கள்.

கணக்கு அவர்கள் அறிந்த மண்ணிலிருந்து வரட்டும். "ஒரு பாத்தியில் 8 வரிசை, வரிசைக்கு 12 கோவா நாற்று. 9 நாற்று அழுகிவிட்டது. மீதி எத்தனை?" கமக்காரன் பிள்ளை இதற்குக் கை உயர்த்தும்.

5. பிரம்பு வேண்டாம்

பாடசாலைகளில் அடிக்கக் கூடாது என்று கல்வி அமைச்சு 2005இலும் 2016இலும் சுற்றறிக்கை விடுத்தது. அதற்கு வெகுகாலம் முன்பே, வேலை தேடித் தூரின் நகரத்துக்கு வந்த ஏழைச் சிறுவர்களுக்காக உழைத்த புனித தொன் போஸ்கோ (1815–1888), தவறு நடந்தபின் தண்டிப்பதைவிட நடக்குமுன் பிள்ளையோடு இருப்பதே மேல் என்று கற்பித்தார்.

எங்கள் வகுப்பில் ஒரு சிறுவன் பலகையைப் பார்க்கவே மாட்டான். வாசலைப் பார்த்தபடி இருப்பான். கவனமில்லாதவன் என்று எண்ணி அவனைச் சுவர்ப்பக்கம் திருப்பி உட்காரவைத்தோம். மறுநாள் அவன் வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டபோதுதான் தெரிந்தது, மழை பெய்தால் அவன் எதிர்மலையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அது அசைகிறதா என்று. தவறு எங்களுடையது. இடத்தை யன்னலோரமாக மாற்றினோம். அவ்வப்போது மலையைப் பார்ப்பான், பிறகு எழுதுவான்.

ஒரு பிள்ளை ஒழுங்கை மீறினால், "ஏன் செய்தாய்?" என்று எல்லார் முன்னும் கேட்காதீர்கள். வகுப்பு முடிந்தபின் தனியே, "உனக்கு என்ன நடந்தது?" என்று கேளுங்கள்.

பெற்றோருக்கு

"கண்ணை மட்டும் விட்டுவிட்டு அடியுங்கள்" என்று ஆசிரியரிடம் சொல்லும் வழக்கத்தை விட்டுவிடுவோம். முறைவைத்து நாளுக்கு ஒரு தாயோ தந்தையோ வகுப்பின் ஓரத்தில் வந்து உட்காருவோம். நீங்கள் எழுத்தறியாதவராக இருக்கலாம். இருந்தாலும் உங்கள் பிரசன்னம் வகுப்பை அமைதிப்படுத்தும். இரவில், "இன்று என்ன படித்தாய்?" என்பதோடு, "இன்று என்ன கேள்வி கேட்டாய்?" என்றும் கேளுங்கள்.

குழுவாகப் பேசுவோம்

* நம் முகாமில் அல்லது புதிய குடியிருப்பில் வகுப்புக்கு வராத பிள்ளைகள் யார்? அவர்கள் வீட்டுக்கு யார் போவது?
* நம் வகுப்புக்குப் பிள்ளைகள் சொல்லும் மூன்று விதிகள் எவை?
* இந்த வாரம் வகுப்பில் உட்காரும் பெற்றோர் யார், எந்த நாளில்?