ரவேலின் பிரெலூடும் ஃபியூகும்: புதுச்சேரியில் பியானோ பயில்பவர்களுக்கு

மோரிஸ் ரவேல் 1914 முதல் 1917 வரை எழுதிய 'லெ தோம்போ தெ கூப்ரேன்' என்ற பியானோ தொகுப்பில் ஆறு பகுதிகள் உண்டு. ஒவ்வொன்றும் முதல் உலகப் போரில் மாண்டவர்களுக்குக் காணிக்கை. முதல் பகுதி பிரெலூட், அடுத்தது ஃபியூக். அதே போரில் இறந்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்கு நினைவுச்சின்னம் எழுப்பிய ஊர் நம்முடையது. இந்த இசை நமக்கு அந்நியமானதல்ல.

செய்ய வேண்டியவை

● பயிற்சியைத் தொடங்குமுன் கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்கு எதிரே உள்ள அந்தச் சின்னத்தின் முன் சற்று நேரம் நில்லுங்கள். அது திறக்கப்பட்டது 1938இல். ரவேல் அதற்குச் சில மாதங்கள் முன்பு, 1937 டிசம்பரில் காலமாகியிருந்தார்.

● பிரெலூடில் வரும் சிறு அலங்கார ஸ்வரங்களைத் தட்டின் மீதே வாசியுங்கள். ரவேலே ஸ்வரத்தாளில் அப்படிக் குறிப்பு எழுதியிருக்கிறார். தட்டுக்கு முன்பே நழுவவிட்டால் ஓட்டம் குலைந்துவிடும்.

● ஃபியூகில் மூன்று குரல்கள். ஒவ்வொன்றையும் தனியே மனப்பாடம் செய்யுங்கள். பிறகு ஒரு குரலை வாயால் பாடிக்கொண்டே மற்ற இரண்டையும் வாசித்துப் பாருங்கள். அடிப்படைச் சொற்றொடர் மிகச் சிறியது, அழுத்தமோ வலுவான தட்டை விட்டுத் தள்ளி விழுகிறது. சமத்தில் எடுக்காத பல்லவியைக் கேட்டு வளர்ந்த நம் காதுக்கு இது பெரிய அனுகூலம். கையால் தாளம் போட்டபடி பாடினால் எழுதிய இடத்தில் அழுத்தம் தானாக வந்து உட்காரும். அதே சொற்றொடர் தலைகீழாகத் திரும்பி வரும் இடங்களையும், கடைசியில் ஒரு குரல் முடிக்குமுன் அடுத்தது நுழையும் இடங்களையும் பென்சிலால் குறித்து வையுங்கள்.

● பியானோ இருக்கும் அறையில் ஈரப்பதமானி ஒன்று மாட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கட்டைகள் ஊறி இறுகும். அப்போது மெல்லிய ஒலியில் தொடங்கும் இந்த ஃபியூகில்தான் குறை முதலில் தெரியும். மழைக்காலம் ஓய்ந்து காற்று உலர்ந்த பிறகு சுருதி சேர்க்கச் சொல்லுங்கள்.

செய்யக்கூடாதவை

● இரங்கல் இசை என்பதற்காக இழுத்து இழுத்து வாசிக்காதீர்கள். நான் அழுத்தமாகச் சொல்ல விரும்புவது இதைத்தான். பதினெட்டாம் நூற்றாண்டு பிரெஞ்சு நடனத் தொகுதிகளின் தெளிவையும் இலகுவையும் ரவேல் இறந்தவர்கள் முன் வைத்தார். பிரெலூட் வேகமாக ஓட வேண்டும். ஃபியூக் சோம்பாமல் நடக்க வேண்டும். நாம் சோகத்தைப் பூசினால் அவர் கொடுத்ததை மறைத்துவிடுவோம்.

● சொற்றொடர் வரும்போதெல்லாம் ஓங்கி அடிக்காதீர்கள். கேட்பவர் தானே கண்டுகொள்வார்.

● பெடலில் காலை ஊன்றிவிடாதீர்கள். மூன்று குரலும் கலங்கிவிடும்.

● ஃபியூகைத் தவிர்த்து பிரெலூடை மட்டும் மேடையேற்றாதீர்கள். 1919இல் வாத்தியக் குழுவுக்கு மாற்றி எழுதியபோது ரவேல் நான்கு பகுதிகளையே எடுத்துக்கொண்டார். ஃபியூகும் தொக்காட்டாவும் விடுபட்டன. ஆகவே ஃபியூகை ரவேல் தன் கையால் எழுதியபடி கேட்பதற்குப் பியானோ ஒன்றுதான் வழி.

● நிகழ்ச்சி அட்டையில் காணிக்கைப் பெயர்களை விட்டுவிடாதீர்கள். பிரெலூட் ழாக் ஷார்லோவுக்கு. ரவேலின் வேறொரு படைப்பைத் தனிப் பியானோவுக்கு மாற்றித் தந்தவர் அவர். ஃபியூக் ழான் க்ருப்பிக்கு. 'லேர் எஸ்பாஞோல்' ஓபராவை ரவேல் காணிக்கையாக்கியது இந்த இளைஞரின் தாய்க்கு.