அளவி உறிஞ்சும் மின்னோட்டம்

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. அடித்தட்டில் பாறையின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும். சுமை தாளாது பாறை வெடித்துச் சிதறியதில் மாண்ட நம் தொழிலாளர் பலர். 2001-இல் தங்கவயல் மூடப்பட்டது. ஆனால் ரெய்ச்சூர் மாவட்டத்து ஹட்டியில் இன்றும் தங்கம் வெட்டுகிறார்கள். இத்தகைய ஆழத்தில் பாறையின் நெரிவை அளக்கப் போகிறவர், கருவியின் விவரத்தாளில் பலரும் தாண்டிச் செல்லும் ஒரு வரியைப் படித்தாக வேண்டும். உள்ளீட்டு மின்னோட்டம் என்பது அவ்வரி.

பாறையில் ஒட்டிய திரிபு அளவி தரும் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றுவது ஏ.டி.சி. என்னும் கருவி. அது அழுத்தத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிடும் என்று நாம் எண்ணுகிறோம். இல்லை, நண்பர்களே! உள்ளே ஒரு சிறு மின்தேக்கி ஓயாமல் நிரம்பிக் காலியாகிறது. 10 பிக்கோபாரடு தேக்கி, நொடிக்கு 1,00,000 முறை எனக் கொள்வோம். பெருக்கினால் வோல்ட்டுக்கு 1 மைக்ரோ ஆம்பியர். பத்து லட்சம் ஓம் தடையைக் குறுக்கே மாட்டியது போலாகும். மூலத்தில் 1,000 ஓம் தடையிருப்பின் ஆயிரத்தில் ஒரு பங்கு பிழை. 24 பிட் கருவியின் 1,67,77,216 படிகளில் ஏறத்தாழ 16,760 படிகள் போயின! அத்தனை விலை கொடுத்து வாங்கியது இதற்கா?

ஆயினும் இப்பிழை அழுத்தத்தோடு கூடிக் குறைவது, அளவுதிருத்தத்தால் நீக்கலாம். உள்ளே பஃபர் உள்ள கருவியிலோ மின்னோட்டம் சில நேனோ ஆம்பியராகச் சுருங்கும். அழுத்தம் மாறினும் அது பெரிதும் மாறாது. ஆகவே முதலில் அலகைப் பாருங்கள். ‘வோல்ட்டுக்கு இவ்வளவு’ என்றிருந்தால் முன்னது. வெறும் நேனோ ஆம்பியர் என்றிருந்தால் பின்னது.

இரு கம்பிகளிலும் தடையும் மின்னோட்டமும் சமமானால் பிழை தானே கழிந்துவிடும். 1 விழுக்காடு மாறக்கூடிய இரு 1,000 ஓம் தடைகளோ 20 ஓம் வரை வேறுபடலாம். 5 நேனோ ஆம்பியருக்கு அது 0.1 மைக்ரோவோல்ட். பொறுக்கலாம்.

வெப்பந்தான் பொல்லாதது. கசிவு மின்னோட்டம் 10 டிகிரிக்கு ஒருமுறை ஏறத்தாழ இரட்டிக்கும். விவரத்தாளின் ‘வழக்கமான’ மதிப்பு பெரும்பாலும் 25 டிகிரிக்குரியது. கருவியைப் பாறையருகே 65 டிகிரியில் வைத்தால் கசிவு 16 மடங்கு; பிழை 1.6 மைக்ரோவோல்ட். 2.5 வோல்ட் ஊட்டிய பாலத்தில், ஓர் அளவி மட்டும் பாறையில் இருக்க, அது பத்து லட்சத்தில் ஒரு பங்கு நீண்டால் கிடைப்பது 1.25 மைக்ரோவோல்ட்டே. அசையாத பாறை அசைந்ததாகக் கருவி சொல்லும். அசைந்ததை மறைக்கவும் கூடும்.

எனவே வழக்கமான மதிப்பை விட்டு, முழு வெப்ப எல்லைக்கும் தந்த பெரும மதிப்பைக் கொள்க. வடிகட்டித் தடைகளைக் கழற்றாமல், சுரங்கத்து வெப்பத்திலேயே அளவுதிருத்தம் செய்க.