கேளாமல் வந்த பேறு

துன்பம் சூழ்ந்த காலத்தில் குழந்தையை வளர்க்கும் ஒரு தாயிடம் ஈசுவர கிருபையைப் பற்றிப் பேசுவது எளிதன்று. உலை ஏறாத வீட்டில் அச்சொல் வெறும் ஆறுதலாகவே ஒலிக்கும். ஆயினும் நம் சாஸ்திரங்கள் அத்தகைய வீட்டிலிருந்தே இப்பாடத்தைத் தொடங்குகின்றன.

ஸ்ரீமத் பாகவதத்தில் வரும் சுநீதி, மன்னன் உத்தானபாதனின் மனைவியாக இருந்தும் ஆதரவற்றவள். தந்தையின் மடியில் ஏற விரும்பிய அவளுடைய ஐந்து வயது மகன் துருவனைச் சிற்றன்னை சுருசி கடுஞ்சொல்லால் விரட்டுகிறாள். மன்னன் வாய் திறக்கவில்லை. அழுது வந்த குழந்தைக்குக் கொடுக்கச் சுநீதியிடம் செல்வாக்கு ஏதுமில்லை. பகைமையைக் கற்பிக்காமல், பகவானைச் சரணடையுமாறு மட்டும் சொல்கிறாள். காட்டுக்குப் புறப்பட்ட குழந்தையின் எதிரே நாரதர் வருகிறார். தாய் அவரை வரவழைக்கவில்லை; குழந்தை அவரைத் தேடிச் செல்லவுமில்லை. குருவே வழியில் வந்து நின்றார்.

இது புராண காலத்தோடு முடிந்த செய்தி என்று எண்ண வேண்டியதில்லை. தமிழகத்தின் எல்லையை ஒட்டிய பாலக்காட்டு மண்ணில், சென்ற நூற்றாண்டில் இதற்கு ஒரு சான்று உண்டு.

எலப்புள்ளியில் பிறந்த குழந்தை

பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளி கிராமத்தில் 1928-ஆம் ஆண்டு ஜூன் 24 அன்று ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தந்தை சுப்பிரமணியன், தாய் நாராயணிக்குட்டி. குழந்தைக்கு நான்கு வயதானபோது தந்தை காலமானார். சிறு மகள் ஒருத்தியும் இறந்து போனாள். வருமானமில்லை, இளம் விதவைக்கு எதிர்காலமும் தெரியவில்லை. மகனோடு சேர்ந்து உயிரை விட்டுவிடுவது என்னும் அளவுக்கு அத்தாயின் மனம் இருண்டது. அந்த வேளையில் தாத்தா கிருஷ்ணன் நாயர் தடுத்து, இருவரையும் காப்பாற்றினார்.

அன்று அவர்களுடைய வறுமை தீர்ந்துவிடவில்லை. கண்ணூரில் வளர்ந்த சிறுவனுக்கு முறையான பள்ளிப்படிப்பு அமையவில்லை. திரையரங்கில் தின்பண்டம் விற்றான். ஆனால் அவனுடைய செவி இசையிலேயே நிலைத்திருந்தது. அவ்வூரில் இசை கற்பித்துவந்த நீலகண்ட பாகவதர் அவனை மாணவனாக ஏற்றுக்கொண்டார். பதின்மூன்று வயதிலேயே மேடையில் கச்சேரி செய்யும் அளவுக்கு அவன் தேறினான்.

பின்னர் கோவையில் ஜூபிடர் பிக்சர்ஸ் நிறுவனத்தில் ஏவலாளாகப் பணி கிடைத்தது. தேநீர் கொண்டு கொடுப்பதும் வாத்தியங்களைத் துடைத்து வைப்பதும் அவன் வேலை. அங்கு இசையமைப்பாளராக இருந்தவர் எஸ். எம். சுப்பையா நாயுடு. சிறுவன் தனிமையில் அமைத்த மெட்டு ஒன்று அவருக்குப் பிடித்துப்போகவே, அதைப் படத்தில் பயன்படுத்திக்கொண்டார். நிறுவனம் சென்னைக்கு இடம் பெயர்ந்தபோது, அந்த மெட்டு இவனுடையது என்று அவரே உரிமையாளரிடம் எடுத்துச் சொல்லி, இவனைக் கைவிடாது அழைத்துச் செல்லுமாறு பரிந்துரைத்தார். இதனை அச்சிறுவன் முதுமையிலும் நன்றியோடு நினைவுகூர்ந்தான். அவனே மெல்லிசை மன்னர் எம். எஸ். விசுவநாதன்.

1952-இல் டி. கே. ராமமூர்த்தியோடு இணைந்து இசையமைக்கத் தொடங்கிய அவர், 2015 ஜூலை 14 அன்று மறையும்வரை இசையோடே வாழ்ந்தார். ஆலப்புழையில் பிறந்த மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளையின் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடலுக்கு மோகன ராகத்தில் மெட்டு அமைத்தவர் இவரே. 1970-இல் அரசு விழாக்களுக்கு உரிய வாழ்த்தாக அறிவிக்கப்பட்ட அப்பாடல், 2021-இல் தமிழ்நாட்டின் மாநிலப் பாடலாயிற்று. பள்ளி வாசலைச் சரியாக மிதிக்காத குழந்தையின் மெட்டை இன்று பள்ளிதோறும் குழந்தைகள் பாடுகின்றனர்.

பாடம்

இவ்வரலாற்றில் மூன்று தத்துவங்கள் விளங்குகின்றன. முதலாவது பிராரப்தம். தந்தையின் மரணமும் வறுமையும் தாயோ சேயோ விரும்பி ஏற்றவை அல்ல. இரண்டாவது புருஷார்த்தம். மீண்டும் அடுப்பை மூட்டிய தாயின் உறுதியும், எளிய வேலைகளுக்கிடையே இசையைக் கைவிடாத சிறுவனின் உழைப்பும் இதில் அடங்கும். மூன்றாவது கிருபை. அது ஒரு நாள் தாத்தாவாக வந்தது. ஒரு நாள் பாகவதராக வந்தது. பிறகு உண்மையை மறைக்காத இசையமைப்பாளராக வந்தது. கிருபை பெரும்பாலும் பொருளாக வருவதில்லை. தக்க நேரத்தில் அருகில் வந்து நிற்கும் ஒரு மனிதராகவே வருகிறது.

இங்கே ஒரு தவறான முடிவுக்கு வந்துவிடலாகாது. மகன் புகழ் பெற்றதால்தான் தாத்தாவின் செயல் பயனுள்ளதாயிற்று என்று கருதினால் பாடமே தவறிவிடும். அவன் இறுதிவரை தின்பண்டம் விற்றே வாழ்ந்திருந்தாலும், தாயும் மகனும் உயிரோடு வீடு திரும்பிய அந்த நாளே அக்குடும்பத்தின் பெரும் பேறு. பின்னர் வந்த புகழ் அதற்குமேல் கிடைத்த பிரசாதம். பிரசாதத்தை அளந்து பார்த்து எவரும் பெறுவதில்லை. கிடைத்ததைக் கண்ணில் ஒற்றிக்கொள்கின்றனர்.

பெற்ற கிருபைக்கு நன்றி சொல்லும் வழியையும் அவரே காட்டினார். சுப்பையா நாயுடுவின் முதுமையில், அவரைத் தந்தையாகவே பாவித்துப் பேணினார். பெற்றவன் கொடுப்பவனாகும்போது கிருபையின் வட்டம் நிறைவு பெறுகிறது.

எலப்புள்ளியின் நெல்வயல்களிலும், இடுக்கி மாவட்டத்தின் மூணாறு, பீருமேடு மலைகளில் உள்ள தேயிலைத் தோட்ட லயங்களிலும், விடியும் முன் கஞ்சி வைத்துவிட்டு வேலைக்கு விரையும் தாய்மார்கள் இன்றும் உள்ளனர். அவர்களுடைய பிள்ளைகளுக்குள் உறங்கும் திறமை இன்னதென்று எவராலும் சொல்ல இயலாது. இருள் சூழ்ந்த மனம் கொண்ட தாய், அருகில் உள்ள ஒருவரிடமாவது தன் துயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதைக் கேட்பவர் உபதேசம் செய்ய விரையாமல், முதலில் அருகில் அமர வேண்டும். ஈசுவரன் நாரதரை அனுப்பும் வழி பல வேளைகளில் அண்டை வீட்டு வாசலாகவே இருக்கிறது.

சிந்தனைக்கு

1. தன் வாழ்வின் கடினமான வேளையில் கேளாமலே வந்து உதவியவர் யார்? அவருக்கு நன்றி தெரிவிக்கப்பட்டதா?

2. பிறர் குழந்தையின் திறமையைக் கண்டபோது, சுப்பையா நாயுடுவைப்போல் அதனை வெளிப்படையாக எடுத்துச் சொல்ல மனம் வந்ததா?

3. இன்று எந்த வீட்டுக் குழந்தைக்கு ஒரு தாத்தாவாக, ஒரு பாகவதராக நிற்க இயலும்?