கணுக்காலைச் சூழ்ந்த தசைப்பிடிப்பு: காரணங்கள், தடுக்கும் வழிகள், முதலுதவி



இல்ல மெய்வல்லுநர் போட்டி நடைபெறுகின்றது. 1500 மீற்றர் ஓட்டத்தின் கடைசிச் சுற்றில் ஒருவர் காலைப் பிடித்துக்கொண்டு விழுகின்றார். "நரம்பு இழுத்துப் பிடிச்சிட்டுது" என்று சொல்லி நாலு பேர் ஓடிவருகின்றார்கள். ஒருவர் காலை முறுக்குகின்றார், இன்னொருவர் ஓங்கித் தட்டுகின்றார். இரண்டுமே பிழையானவை. இழுத்துப் பிடித்தது நரம்பன்று, தசையாகும். இதை விளங்கிக்கொண்டால் செய்யவேண்டிய முதலுதவியும் தானாகவே விளங்கும்.

1. தசைப்பிடிப்பு என்றால் என்ன?

தசையொன்று நமது விருப்பமின்றித் திடீரெனச் சுருங்கி, தளராது இறுகி நிற்றல் தசைப்பிடிப்பு எனப்படும். இது சில செக்கன்கள் முதல் சில நிமிடங்கள் வரை நீடிக்கலாம். தொட்டுப் பார்த்தால் தசை கட்டிபோலத் தென்படும்.

கணுக்காலில் பெரிய தசைகள் இல்லை. அங்கே இருப்பவை பெரும்பாலும் தசைநாண்களும் என்புகளும் இணையங்களுமாகும். கணுக்காலை அசைக்கும் தசைகள் முழங்காலுக்குக் கீழே உள்ளன. பின்புறமுள்ள கெண்டைக்கால் தசை தடித்த தசைநாணொன்றினால் குதி என்புடன் இணைந்துள்ளது. இத்தசை சுருங்கும்போது குதி மேலெழும், பாதம் கீழ்நோக்கி நீளும். கணுக்காலருகே உணரப்படும் பிடிப்பு பெரும்பாலும் இத்தசையிலேயே தொடங்குகின்றது.

2. காரணங்கள்

(அ) தசைக் களைப்பு: தசை சுருங்குமாறு தூண்டும் உணர்வங்கங்கள் தசையினுள்ளும், அளவுக்கு மீறிச் சுருங்காது தடுக்கும் உணர்வங்கங்கள் தசைநாணிலும் உள்ளன. தசை களைக்கும்போது தூண்டல் கூடித் தடுத்தல் குறைவதால் பிடிப்பு ஏற்படுகின்றது என்னும் விளக்கத்தைத் தென்னாபிரிக்க ஆய்வாளர்கள் 1997இல் முன்வைத்தனர். பயிற்சியின்றித் திடீரென வேகமாக ஓடுபவருக்குப் பிடிப்பு வருவது இதனாலாகும்.

(ஆ) நீரும் உப்பும் இழக்கப்படல்: 1930களில் அமெரிக்காவின் ஹூவர் அணைக்கட்டு வேலைத்தளத்தில் கடும் வெப்பத்தில் உழைத்த தொழிலாளரிடையே இவ்வகைப் பிடிப்பு ஆராயப்பட்டது. வியர்வையுடன் சோடியம் வெளியேறுகின்றது. அதிக வியர்வையின் பின்னர் வெறும் நீரை மட்டும் பெருமளவு குடித்தால் இழந்த உப்பு ஈடுசெய்யப்படுவதில்லை. வன்னியின் வெயிலில் அரிவி வெட்டுபவர்களுக்கும் இது பொருந்தும்.

(இ) தசை குறுகிய நிலையில் இருத்தல்: பாதத்தைக் கீழ்நோக்கி நீட்டியபடி உறங்கும்போதும், பாதத்தை நீட்டி உதைத்து நீந்தும்போதும் கெண்டைக்கால் தசை குறுகிய நிலையில் உள்ளது. அந்நிலையில் சிறு தூண்டலும் பிடிப்பை உண்டாக்கலாம்.

3. முதலுதவி

1. செயற்பாட்டை உடனே நிறுத்தி, நிழலில் அமரச் செய்தல்.
2. முழங்காலை நேராக வைத்து, கால்விரல்களை முழங்காலை நோக்கி மெதுவாக மடக்குதல். கை எட்டாவிடின் பாதத்தின் முற்பகுதியில் துவாயை அல்லது சாரத்தைப் போட்டு இழுக்கலாம்.
3. 20 – 30 செக்கன்கள் அப்படியே வைத்திருத்தல். வெட்டி இழுத்தல் கூடாது.
4. இறுக்கம் தளர்ந்த பின் மென்மையாகத் தடவிவிடுதல்.
5. அதிகம் வியர்த்திருப்பின் ஜீவனி, உப்பிட்ட மோர், உப்பும் சீனியும் சேர்த்த தேசிக்காய்த் தண்ணீர் என்பவற்றுள் ஒன்றைக் கொடுத்தல். ஜீவனியைப் பக்கற்றில் குறிப்பிட்ட அளவு நீரிலேயே கரைக்க வேண்டும்.

இழுவை ஏன் பயனளிக்கின்றது? தசையை நீட்டும்போது தசைநாணில் இழுவிசை கூடுகின்றது. அங்குள்ள உணர்வங்கங்கள் "சுருங்குவதை நிறுத்து" என்னும் செய்தியை முண்ணாணுக்கு அனுப்புகின்றன. முறுக்குவதாலோ அடிப்பதாலோ இது நிகழாது.

கவனிக்க: காலின் முன்புறத் தசை பிடித்தால் பாதத்தைக் கீழ்நோக்கி நீட்ட வேண்டும். பிடித்த தசை எத்திசையில் இழுக்கின்றதோ அதற்கு எதிர்த்திசையில் நீட்டுவதே பொதுவிதி.

4. நீரில் பிடித்தால்

மைதானத்தில் தசைப்பிடிப்பு வலியைத் தரும். குளத்திலோ கடலிலோ அது உயிரைப் பறிக்கலாம். பிடித்தவுடன் பதற்றப்பட்டுக் கைகால்களை அடிப்பதே பேராபத்து. மல்லாந்து மிதந்து, உதவிக்குக் குரல் கொடுத்து, கால்விரல்களை முழங்காலை நோக்கி மடக்க வேண்டும். பிடிப்புத் தளர்ந்ததும் கைகளால் மெதுவாகத் துழாவிக் கரை சேர வேண்டும். கரையில் நிற்பவர் நீரினுட் பாயாது கயிறு, தடி, வெற்றுக்கான் என்பவற்றுள் ஒன்றை நீட்டவோ எறியவோ வேண்டும். இரணைமடுவாயினும் ஊர்க்குளமாயினும் தனியே நீந்தாதிருத்தல் முதலாவது பாதுகாப்பாகும்.

5. தசைப்பிடிப்பு அல்லாதவை

சுளுக்கு: கணுக்கால் மடங்கி இணையம் பாதிக்கப்படுவதாகும். வீக்கம் உண்டாகும். இழுத்தலும் உரஞ்சுதலும் கூடாது. ஓய்வு கொடுத்து, துணியில் சுற்றிய பனிக்கட்டி வைத்து, காலை உயர்த்தி வைக்க வேண்டும். கால் ஊன்ற முடியாவிடின் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

எலிக்காய்ச்சல்: வயலில் அல்லது வெள்ளநீரில் இறங்கியவருக்குக் காய்ச்சலுடன் கெண்டைக்கால் வலி, தலையிடி, கண் சிவத்தல் ஏற்பட்டால் அதைத் தசைப்பிடிப்பு என எண்ணி எண்ணெய் தடவிக் காலங்கடத்தலாகாது. 2024 டிசெம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தில் இந்நோய் பரவி உயிர்கள் பறிபோயின. அன்றே வைத்தியரிடம் செல்வதோடு, வயலில் இறங்கியதையும் கூறுதல் வேண்டும்.

6. தடுக்கும் வழிகள்

• போட்டிக்குச் சில வாரங்களுக்கு முன்பிருந்தே பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டுதல்.
• ஓடுமுன் உடலைச் சூடாக்குதலும், ஓடியபின் தளர்த்துதலும்.
• தினமும் சுவரிற் கைகளை ஊன்றி, ஒரு காலைப் பின்வைத்து, குதி நிலத்திற் படியக் கெண்டைக்கால் தசையை நீட்டுதல்.
• காலையுணவைத் தவிர்க்காதிருத்தல். கஞ்சி, பயறு, வாழைப்பழம், கீரை, நெத்தலி என்பன நம்மூரிற் கிடைக்கும் நல்லுணவுகள்.
• தாகம் எடுக்கும்வரை காத்திராது இடையிடையே நீர் அருந்துதல்.

மாதிரி வினா

நீண்டதூர ஓட்டத்தின்போது மாணவி ஒருவரின் கெண்டைக்கால் தசை பிடித்துக்கொண்டது.
(i) இதற்கான காரணங்கள் இரண்டு தருக.
(ii) நீர் வழங்கும் முதலுதவி யாது? அதற்கான காரணத்தைக் கூறுக.

விடை: (i) தசைக் களைப்பு; வியர்வையால் நீரும் உப்பும் இழக்கப்படல். (ii) முழங்காலை நேராக்கி விரல்களை முழங்காலை நோக்கி மெதுவாக மடக்குதல். இதனால் தசைநாணின் இழுவிசை கூடித் தசை தளரும்.

நினைவிற் கொள்க: "காலை இழுத்தல்" என மட்டும் எழுதினால் விடை முழுமையாகாது. எத்திசையில், எப்படி, ஏன் என்பவற்றையும் எழுதுங்கள். வீட்டில் ஒருமுறை செய்தும் பாருங்கள். குளத்து நடுவே அதை யோசித்துக்கொண்டிருக்க நேரம் இராது.