மலாக்காவின் ஈரக்காற்றில் சிறுத்தைப் பல்லி வளர்ப்பு

லெப்பர்ட் கெக்கோ எனப்படும் சிறுத்தைப் பல்லி பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வடமேற்கு இந்தியாவின் வறண்ட பாறை நிலத்தைச் சேர்ந்தது. அதன் கூண்டில் ஈரப்பதம் 30 முதல் 40 விழுக்காடு இருந்தால் போதும். மலாக்கா நீரிணையோரத்தில் மழை பெய்து ஓய்ந்த இரவுகளில் அது 90 விழுக்காட்டைத் தொடும். குளிர்நாட்டுக் கையேடுகள் சொல்வதுபோல் மெர்லிமாவிலும் ஜாசினிலும் கூண்டுக்குள் தண்ணீர் தெளிப்பது வீண் வேலை. இங்கே ஈரத்தைக் குறைக்கத்தான் பாடுபட வேண்டும்.

முதலில் ஈரமானியைச் சோதிக்க வேண்டும். மலிவானவை பெரும்பாலும் பொய் சொல்லும். போத்தல் மூடியில் உப்பை நிரப்பி, கரைந்துவிடாமல் சேறுபோல் குழையும் அளவுக்குச் சில சொட்டு நீர் விட்டு, மானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத பையில் ஒரு நாள் வைக்க வேண்டும். மறுநாள் அது 75 காட்ட வேண்டும். 80 காட்டினால், அதன்பின் எப்போதும் 5 கழித்துக்கொள்ளலாம்.

கூண்டின் மூடியில் மட்டும் துளை இருந்தால் காற்று ஓடாது. எதிரெதிர்ப் பக்கங்களில், ஒன்று தாழ்வாகவும் மற்றொன்று உயரமாகவும் வலை அடைப்பது நல்லது. ஒரு பாதியை மட்டும் தெர்மோஸ்டாட் பொருத்திய வெப்ப விளக்கால் சூடாக்க வேண்டும். காற்று சூடானால் ஈரப்பதம் இறங்கும்: 25 டிகிரியில் 90 விழுக்காடு இருந்தது 32 டிகிரியில் ஏறத்தாழ 60 ஆகும். அதுவும் அதிகம்தான். ஏர்கோன் அறையின் 24 டிகிரி, 60 விழுக்காட்டுக் காற்று அதே சூட்டில் 38க்கு வந்துவிடும். மின்கட்டணத்துக்கு அஞ்சுவோர் சிறிய அறையில் ஈரநீக்கி வைக்கலாம்.

தரைக்குத் தேங்காய் நார்த்தூள் வேண்டாம். சமையலறை டிஷ்யூ போதும்.

தோல் உரிக்க மட்டும் ஈரம் தேவை. மார்ஜரின் டப்பாவின் பக்கத்தில் பல்லி நுழையுமளவு துளையிட்டு, விளிம்பைத் தேய்த்து மழுக்கி, நனைத்துப் பிழிந்த டிஷ்யூவை உள்ளே பரப்பி மூட வேண்டும். பூசணம் பிடிக்குமுன், இரண்டு மூன்று நாளுக்கொருமுறை மாற்ற வேண்டும். உரிந்த தோல் விரல் நுனியில் வளையமாக இறுகினால் இரத்த ஓட்டம் நின்று விரலே போய்விடும். அப்போது பாதம் நனையுமளவு வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் விட்டு, பஞ்சுக்குச்சியால் மெல்ல உருட்டி எடுக்கலாம். பிய்க்கக் கூடாது.

நியூ கலிடோனியாவின் கொண்டைப் பல்லிக்கு இந்த முறை ஒவ்வாது. அதற்கு இரவில் நீர் தெளித்து, பகலில் உலர விட வேண்டும். அதற்கும் ஏர்கோன் வேண்டும், ஈரத்துக்காக அல்ல. 28 டிகிரிக்கு மேல் நீடித்த சூட்டை அது தாங்காது.

எந்தப் பல்லியானாலும், வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ மூக்கில் சளிக்குமிழ் தெரிந்தாலோ அது நுரையீரல் தொற்றாக இருக்கலாம். கை வைத்தியம் பார்க்காமல், ஊர்வனவற்றுக்குச் சிகிச்சை தரும் விலங்கு மருத்துவரிடம் அன்றே கொண்டுபோக வேண்டும்.