கையெழுத்துக்கு முன்

பத்து வயதுப் பையன் மரத்திலிருந்து விழுந்தான். வயிற்றில் பலத்த அடி. கையும் முறிந்தது. பெற்றோர் வெளியூரில் செங்கல் சூளை வேலையில் இருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்.

“டாக்டர் ஐயா, இவன் அப்பா அம்மா ஊரில் இல்லை. யார் கையெழுத்துப் போடுவது?”

“பெரியவரே, உள்ளே ரத்தம் கசிகிறது. காத்திருந்தால் உயிருக்கு ஆபத்து. உடனே ஆபரேஷன் செய்கிறோம்.”

பையன் பிழைத்தான்.

டாக்டர் செய்தது சரியா? சரிதான். 18 வயது நிரம்பாதவர் மைனர். மைனருக்கு ஆபரேஷன் என்றால் பெற்றோரிடம் அல்லது காப்பாளரிடம் சம்மதம் கேட்பார்கள். ஆனால் ஆபத்து நேரத்தில் அவர்கள் வரும்வரை காத்திருக்க முடியாவிட்டால், நல்லெண்ணத்தோடு சிகிச்சை செய்யலாம். பாரதிய நியாய சன்ஹிதா 30-ஆவது பிரிவு இதற்கு இடம் தருகிறது. உயிரைக் காப்பதே டாக்டரின் முதல் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989-இல் கூறியது. அரசு டாக்டர், தனியார் டாக்டர் இருவருக்கும் இது பொருந்தும்.

மறுநாள் தாய் வந்தாள். முறிந்த கைக்கு ஆபரேஷன். இதற்கு அவசரம் இல்லை. நர்ஸ் சம்மதப் படிவத்தை நீட்டினார்.

“ரேகை வைக்கிறீங்களாம்மா?”

“வேண்டாம்மா. படிச்சுப் பார்க்கிறேன்.”

எழுத்துக் கூட்டிப் படித்தாள். புரியாததைக் கேட்டாள். என்ன ஆபரேஷன்? என்ன ஆபத்து? வேறு வழி உண்டா? டாக்டர் விளக்கினார். மகனிடமும் சொன்னாள். பிறகு தன் பெயரை எழுதினாள்.

சிந்திப்போம்:
1. பெற்றோருக்காக டாக்டர் ஏன் காத்திருக்கவில்லை?
2. கையெழுத்துப் போடும் முன் நீங்கள் என்ன கேட்பீர்கள்?